மார்ச் 31-இல் மிச்சமிருக்கும் 8 லட்சம்: அறக்கட்டளைக்கு எந்த வழி?

வருமான வரி விலக்குக்கான 12ஏபி பதிவு பெற்ற அமைப்பு அறக்கட்டளையாக இருந்தாலும், சங்கமாக இருந்தாலும், லாப நோக்கமற்ற பிரிவு 8 கம்பெனியாக இருந்தாலும் வருமான வரியில் எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான். ஓர் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டுக்குள் நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். மீதி 15 சதவீதத்தைப் படிவம் எதுவும் போடாமல், காலக்கெடு இல்லாமல் சேர்த்து வைக்கலாம். செலவு 85-ஐ எட்டவில்லை என்றால், குறைந்த தொகைக்கு ஒரு வழி சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அதன் மேல் 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் விழும்.

வழிகள் பல இருக்கின்றன. ஆனால் சிறு அமைப்புகளில் அறங்காவலர்கள் உட்கார்ந்து இந்த முடிவை எடுப்பதில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஆடிட்டர் அலுவலகத்தில் யாராவது ஒருவர் "ஃபார்ம் 10 போட்டுடலாம் சார்" என்கிறார் (மிச்சத்தைச் சில ஆண்டுகளுக்குச் சேர்த்து வைப்பதாகச் சொல்லும் படிவம் அது), அதோடு முடிந்துவிடுகிறது. பணம் ஏன் மிஞ்சியது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் காரணத்தைப் பொறுத்துத்தான் வழி மாற வேண்டும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். மாலை நேரப் பயிற்சி மையங்கள் நடத்தும் ஒரு கல்வி அறக்கட்டளை என்று கொள்வோம். 2025-26 நிதியாண்டில் பொது நன்கொடை 25 லட்சம், ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதி 8 லட்சம், கடை வாடகை 5 லட்சம், வங்கி வட்டி 2 லட்சம், ஆக வருமானம் 40 லட்சம். வாடகையில் 3 லட்சம் பாக்கி, இன்னும் கைக்கு வரவில்லை. சி.எஸ்.ஆர். நிதியில் 5 லட்சம் மார்ச் 27-ஆம் தேதிதான் கணக்கில் ஏறியது. ஆண்டு முழுவதும் உண்மையில் கொடுத்த பணம் 26 லட்சம். 40-இல் 85 சதவீதம் 34 லட்சம், ஆகவே குறைவு 8 லட்சம். எதுவும் செய்யாமல் விட்டால் வரி 2,49,600 ரூபாய், வட்டி தனி.

இந்த 8 லட்சம் சரியான எண்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு, செலவு என்று கணக்கில் கொள்ளப்படுவது உண்மையில் பணம் கொடுத்தால் மட்டுமே. மார்ச் மாதச் சம்பளத்தை ஏப்ரல் 5-ஆம் தேதி கொடுத்தால், வரவு செலவுக் கணக்கில் அது இந்த ஆண்டுச் செலவு. 85 சதவீதக் கணக்கில் அடுத்த ஆண்டுச் செலவு. ஆடிட் கட்டணத்துக்கு வைத்த ஒதுக்கீடும் அப்படித்தான். டேலி கணக்கு மென்பொருளில் செலவு 27.2 லட்சம் என்று காட்டிக்கொண்டிருக்கும், ஆடிட்டர் 26 என்பார். இரண்டும் சரி. இதற்கென்று தனித்தாளில் ஒரு சரிக்கட்டு அட்டவணை போட்டு வைக்காத அமைப்பு, மறு ஆண்டு அதே சம்பளத்தை இரண்டாவது முறை எண்ணிவிடும், அல்லது எந்த ஆண்டிலும் எண்ணாமல் விட்டுவிடும். நாம் பார்த்தவரை இரண்டாவதுதான் அதிகம்.

இன்னும் இரண்டு கழிவுகள் உண்டு. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்தச் செலவு எண்ணப்படாது. டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி) பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காவிட்டால் அந்தத் தொகையில் 30 சதவீதம் போய்விடும். கட்டட மேஸ்திரிக்கு ரொக்கம், பயிற்றுநருக்கு டி.டி.எஸ். இல்லாத மதிப்பூதியம் என்று போனால் 26 லட்சம் 24 ஆகிவிடும்.

கணக்கு வைக்கும் முறையும் இந்த எண்ணை மாற்றும். நம் அறக்கட்டளை ரொக்க அடிப்படையில், அதாவது பணம் கைமாறும்போது மட்டும் எழுதும் முறையில், கணக்கு வைத்திருந்தால் வாடகை பாக்கி 3 லட்சம் வருமானத்தில் ஏறியிருக்காது. வருமானம் 37 லட்சம், அதில் 85 சதவீதம் 31.45 லட்சம், குறைவு 5.45 லட்சம். செலவு மட்டும் ரொக்க அடிப்படையில், வருமானம் நிலுவை அடிப்படையில் (பணம் வராவிட்டாலும் சேர வேண்டியதை எழுதும் முறை) என்று ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஷூவுமாக நடக்க வேண்டிய தொல்லை ரொக்க முறையில் இல்லை. வாடகையும் கட்டண பாக்கியும் உள்ள சிறு அறக்கட்டளைக்கும் சங்கத்துக்கும் இது நல்ல வழி. பிரிவு 8 கம்பெனிக்கு இந்தச் சலுகை கிடையாது. கம்பெனிச் சட்டம் நிலுவை முறையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் குறைவு வந்த ஆண்டில் மட்டும் ரொக்கம், மற்ற ஆண்டுகளில் நிலுவை என்று மாறிமாறிப் போனால் மதிப்பீட்டில் கேள்வி வரும்.

இனி வழிகள்.

மார்ச்சுக்குள் செலவழித்துவிடுவது

கேட்க எளிது. சொத்து வாங்கினாலும் செலவாக எண்ணப்படும்: கம்ப்யூட்டர், பெஞ்சு, கட்டடம் எல்லாம் சேரும். (அப்படி எண்ணிய சொத்துக்குப் பிறகு தேய்மானத்தைச் செலவாகக் காட்ட முடியாது.) வங்கியில் எஃப்.டி. போடுவது செலவல்ல, முதலீடு. விற்பனையாளருக்கு மார்ச் 30-இல் முன்பணம் அனுப்பிவிட்டுப் பொருளை ஜூனில் வாங்குவது கேள்விக்கு உள்ளாகும், அதை நம்பி இருக்கக் கூடாது. அவசரத்தில் நடக்கும் பெரிய தவறு, அறங்காவலரின் மைத்துனர் கடையில் விலை விசாரிக்காமல் பர்னிச்சர் வாங்குவது. சந்தை விலைக்கு மேல் கொடுத்தது தெரிந்தால், தொடர்புள்ளவருக்குப் பலன் போனதாக அந்த அளவுக்கு விலக்கு போகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 85-க்கு மேல் செலவழித்த தொகையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. முன்பு முடிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மாத்ரிசேவா டிரஸ்ட் வழக்கில் அதை ஏற்றது, 2018-இல் சுப்ரோஸ் எஜுகேஷனல் சொசைட்டி வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. 2021 நிதிச் சட்டம் அந்தக் கதவை மூடிவிட்டது. ஆகவே ஓர் ஆண்டில் அளவுக்கு மேல் வாங்கிக் குவித்துவிட்டு அடுத்த ஆண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பது பழைய கணக்கு. ஏற்கெனவே திட்டத்தில் இருக்கிற, கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிற பொருள் என்றால் பிப்ரவரியிலேயே வாங்கலாம். வேறு எதற்கும் இந்த வழி தேவையில்லை.

படிவம் 9ஏ

பணம் தாமதமாக வந்ததால் அல்லது வரவே இல்லாததால் செலவழிக்க முடியவில்லை என்பவர்களுக்கு உரியது இது. இந்தத் தொகையைச் செலவழித்ததாகவே கருதுங்கள் என்று எழுதிக் கொடுக்கிறோம். நம் 8 லட்சத்தில் இரண்டு வகைக் காரணங்கள் இருக்கின்றன. வாடகை பாக்கி 3 லட்சம் கைக்கு வரவில்லை. அது கைக்கு வந்து சேரும் ஆண்டிலோ அதற்கு அடுத்த ஆண்டிலோ செலவழித்தால் போதும். மார்ச் 27-இல் வந்த 5 லட்சம் வேறு காரணம் என்ற பிரிவில் வரும். அதை 2026-27-க்குள், அதாவது 2027 மார்ச் 31-க்குள் செலவழித்துவிட வேண்டும். இரண்டையும் படிவத்தில் பிரித்துக் காட்ட வேண்டும், ஒரே வரியில் 8 லட்சம் என்று போடக் கூடாது.

இதில் குறிப்பிட்ட நோக்கம் எழுதத் தேவையில்லை, அமைப்பின் எந்த நோக்கத்துக்கும் செலவழிக்கலாம். அதனால் பலருக்கு இது பிடிக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு இரட்டைச் சுமை வரும். 2026-27-இலும் வருமானம் 40 லட்சம் என்றால் அந்த ஆண்டுக்கு 34 லட்சம், முந்தைய ஆண்டுக்கு 5 லட்சம், வாடகை வந்துவிட்டால் அந்த 3 லட்சத்துக்கும் நாள் ஓடத் தொடங்கும். மொத்தம் 42 லட்சம். போன ஆண்டு 26 லட்சம்தான் செலவழிக்க முடிந்த அமைப்புக்கு இது முடியுமா என்பதுதான் கேள்வி. முதலில் செலவழித்ததைப் பழைய 5 லட்சத்துக்கு வைத்துக்கொண்டு, புதிய ஆண்டின் குறைவுக்கு மீண்டும் ஒரு 9ஏ போட்டு உருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உருட்ட உருட்டத் தொகை பெருக்கும். ஒரு கட்டத்தில் நின்றால் அந்த ஆண்டில் முழுவதும் 30 சதவீத வரிக்குள் விழும்.

எனவே 9ஏ நேரத்தை மட்டுமே தரும், திறனைத் தராது. சி.எஸ்.ஆர். பணம் மார்ச் கடைசியில் வருவது வாடிக்கை. அந்தப் பணத்துக்கான வேலை ஏப்ரலிலேயே தொடங்கும் என்றால் 9ஏ சரியாகப் பொருந்தும்.

படிவம் 10

பெரிய வேலைக்காகச் சேர்ப்பது இது. ஐந்தாண்டு வரை. 2025-26-இன் பணத்தை 2031 மார்ச் 31 வரை வைத்திருக்கலாம். நோக்கம், தொகை, காலம் மூன்றையும் எழுத வேண்டும், அறங்காவலர் கூட்டத் தீர்மானம் படிவத்துக்கு முன்பே இருக்க வேண்டும்.

நோக்கத்தை எழுதுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "அறக்கட்டளையின் நோக்கங்களுக்காக" என்று எழுதினால் போதாது. சிங்கானியா சாரிடபிள் டிரஸ்ட் வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: பத்திரத்தில் உள்ள எல்லா நோக்கங்களையும் அப்படியே எடுத்து எழுதினால் அது குறிப்பிட்ட நோக்கம் ஆகாது. ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் தளர்வாகப் பார்த்திருக்கிறது, ஆனாலும் அதை நம்பிப் படிவம் எழுதுவது வீண் வம்பு. "இரண்டாவது பயிற்சி மையத்துக்கு இரண்டு வகுப்பறைகள் கட்டுதல், மதிப்பீடு இவ்வளவு" என்று எழுதலாம். மதிப்பீட்டுத் தாளை கோப்பில் வைக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

இந்தப் பணத்தை வருமான வரிச் சட்டத்தின் 11(5) பிரிவு சொல்லும் இடங்களில் வைக்க வேண்டும்: வங்கி எஃப்.டி., அஞ்சலகச் சேமிப்பு, அரசுப் பத்திரம், கூட்டுறவு வங்கி வைப்பு, மியூச்சுவல் ஃபண்ட், அசையாச் சொத்து போன்றவை. சீட்டுக் கம்பெனி, தங்கம், தனியார் பங்கு, அறங்காவலருக்குக் கைமாற்று எதுவும் கூடாது. அறக்கட்டளையின் எந்தப் பணத்துக்கும் இதே விதிதான், படிவம் 10 பணத்தில் அது இன்னும் உன்னிப்பாகப் பார்க்கப்படும். எஃப்.டி.யில் வரும் வட்டி புதிய வருமானம், அதற்கும் தனியாக 85 சதவீதம் உண்டு. இதைப் பலர் மறக்கிறார்கள்.

படிவம் 10-இல் சேர்த்ததை அதே நோக்கத்துக்குச் செலவழிக்கும்போது அது பழைய கடனைத் தீர்ப்பது போன்றது. அந்த ஆண்டின் 85 சதவீதத்துக்கு அதைச் சேர்த்து எண்ணக் கூடாது. இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவும் கூடாது, கொடுத்தால் கொடுத்த தொகை வரிக்கு வரும். நோக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் அமைப்பின் கட்டுக்கு மீறிய சூழ்நிலை என்று காட்டி, மதிப்பீட்டு அதிகாரியிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். ஐந்தாம் ஆண்டு முடிவில் மிஞ்சியிருப்பது அந்த ஆண்டின் வருமானமாகி 30 சதவீத வரிக்குப் போகும். முன்பு இன்னும் ஓர் ஆண்டு அவகாசம் இருந்தது, 2022 நிதிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. அந்தப் பழைய ஆறாம் ஆண்டை நம்பி இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

இந்த வழியை எல்லாக் குறைவுக்கும் பொதுமருந்தாகப் பயன்படுத்துவது ஏன் தவறு என்பது நம் உதாரணத்திலேயே தெரியும். மார்ச் 27-இல் வந்த சி.எஸ்.ஆர். 5 லட்சத்துக்குப் படிவம் 10 போட்டால் வரித் துறையிடம் 2031 வரை அவகாசம் கிடைக்கும். ஆனால் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் ஓராண்டுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கும். கம்பெனிக்குத் தன் பக்கம் தனிக் கெடு உண்டு: நடப்பில் உள்ள திட்டத்தின் செலவழியாத தொகையை ஏப்ரல் 30-க்குள் தனிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுக்குள் முடிக்க வேண்டும். இரண்டில் எது குறுகியதோ அதுதான் உங்கள் கெடு. வரிச் சட்டம் ஐந்தாண்டு தருகிறது என்பதற்காக நன்கொடையாளருக்குக் கொடுத்த வாக்கு நீண்டுவிடாது.

இன்னொரு அமைப்புக்குக் கொடுப்பது

உங்களால் செலவழிக்க முடியாததை, அதே வேலை செய்யும் இன்னொரு 12ஏபி அமைப்புக்குக் கொடுக்கலாம். 2023-24 நிதியாண்டு முதல், கொடுத்ததில் 85 சதவீதம் மட்டுமே செலவாக எண்ணப்படும். 8 லட்சக் குறைவை அடைக்க 9,41,176 ரூபாய் கொடுக்க வேண்டும். அது கார்பஸ் (மூலதன) நிதியாகப் போகக் கூடாது, அப்படிப் போனால் செலவாகவே எண்ணப்படாது. பொதுவாகவே செலவு குறைந்த ஆண்டில் கையில் கூடுதலாக 1.4 லட்சம் இருக்கத்தான் செய்யும், ஆனால் வரியைத் தவிர்க்க மட்டும் இதைச் செய்வது என்றால் சொந்தப் பயனாளிகளுக்குச் சேர வேண்டியதைப் பிறர் கையில் கொடுக்கிறோம். முன்பே கூட்டாக வேலை செய்யும் அமைப்பு என்றால் மட்டும்.

வெளிநாட்டு நிதிக்கு இந்தக் கதவு முழுக்க மூடியே இருக்கிறது. 2020 செப்டம்பரில் வந்த எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணத்தை எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள இன்னொரு அமைப்புக்குக்கூட மாற்ற முடியாது. வெளிநாட்டு நிதி மிஞ்சினால் 9ஏ, படிவம் 10 இரண்டும் வரிப் பக்கத்தில் உதவும், எஃப்.டி. வட்டியும் அதே கணக்கில் சேர்ந்து டிசம்பர் 31-க்குள் போடும் எஃப்.சி.-4 ஆண்டறிக்கையில் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால், மார்ச் அவசரச் செலவுக்கும் அங்கே இடம் குறைவு.

கார்பஸ்

ஆண்டு முடிந்தபின் "இந்த 5 லட்சத்தை கார்பஸாக்கிவிடலாமே" என்று கேட்பவர்கள் நிறைய. முடியாது. கார்பஸ் என்பது கொடுப்பவர் எழுத்தில் சொல்வது. வாங்குபவர் தீர்மானம் போட்டு ஆக்குவதல்ல. நன்கொடை வரும்போதே "இத்தொகை மூலதன நிதியில் சேர வேண்டும்" என்று கடிதம் வேண்டும். அப்படி வந்தது வருமானத்திலேயே சேராது, ஆனால் 2021-22 முதல் அதைத் தனியாகக் காட்டி, 11(5) முதலீட்டில் வைக்க வேண்டும். அதிலிருந்து செலவழித்தால் அது 85 சதவீதத்தில் சேராது. ஐந்தாண்டுக்குள் அந்தத் தொகையைத் திரும்ப கார்பஸில் போட்டால், போட்ட ஆண்டில் செலவாக எண்ணப்படும்.

கம்பெனியிடம் கார்பஸ் கேட்காதீர்கள். 2021 ஜனவரி 22 முதல் கார்பஸ் நிதியைக் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். செலவாகக் காட்ட முடியாது. கார்பஸ் கேட்க ஏற்றவர்கள் தனிநபர் நன்கொடையாளர்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி வரிச்சலுகையும் கிடைக்கும். இது இந்த ஆண்டுக் குறைவுக்கு மருந்தல்ல, அடுத்த ஆண்டுக் குறைவைத் தவிர்க்க ஜூன் மாதத்திலேயே செய்யும் வேலை.

கட்டுப்பட்ட மானியம்

சில ஆடிட்டர்கள், செலவழியாத திட்ட மானியத்தை வருமானமாகவே காட்டாமல் இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாகக் காட்டுவார்கள். தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் இதை ஏற்றிருக்கின்றன. ஆனால் அந்த வழக்குகளில் அமைப்புகளிடம் இருந்த ஒப்பந்தம் வேறு மாதிரி: மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வட்டியும் மானியத்தோடு சேரும், தனி வங்கிக் கணக்கு, காலாண்டு அறிக்கை. ஒற்றைப் பத்தியில் "உங்கள் பணிக்காக" என்று வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. ஒப்பந்தம் அப்படி இல்லையென்றால் வருமானமாகக் காட்டி, 9ஏ போடுவதுதான் பாதுகாப்பு.

நம் அறக்கட்டளைக்கு என்ன செய்யலாம்? 8 லட்சத்தை இரண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். வாடகை பாக்கி 3 லட்சத்துக்கு 9ஏ, வராத பணம் என்ற பிரிவில். சி.எஸ்.ஆர். 5 லட்சத்துக்கும் 9ஏ, திட்டம் ஏப்ரலில் தொடங்குகிறது என்றால். 2026-27 வரவு செலவுத் திட்டத்தை முதலில் போட்டுப் பார்த்து 42 லட்சம் செலவழிக்க முடியாது என்று தெரிந்தால், 2026-27-இன் சொந்த வருமானத்தில் ஒரு பகுதிக்குக் கட்டடத் திட்டம் எழுதி, அந்த ஆண்டில் படிவம் 10 போடலாம். 2025-26-க்கு இப்போதே படிவம் 10 போட வேண்டுமென்றால் உண்மையான கட்டட மதிப்பீடு கையில் இருக்க வேண்டும். இல்லாத திட்டத்தை எழுதினால் 2031-இல் அதை விளக்கப்போவது இன்றைய அறங்காவலர்கள் அல்ல, அப்போது இருப்பவர்கள்.

தேதிகள். தணிக்கை வேண்டிய அமைப்புக்கு ரிட்டர்ன் அக்டோபர் 31. படிவம் 9ஏ-யும் 10-உம் அதற்கு இரண்டு மாதம் முன், ஆகஸ்ட் 31-க்குள். ஆகஸ்டைத் தவறவிட்டு ரிட்டர்ன் தேதிக்குள் போட்டாலும் சலுகை மறுக்கப்படாது என்று 2023-ஆம் ஆண்டின் 6-ஆம் சுற்றறிக்கை சொல்கிறது. அதைப் பழக்கமாக்க வேண்டாம். தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30: மொத்த வருமானம் 5 கோடிக்கு மேல் என்றாலோ வெளிநாட்டு நிதி வந்திருந்தாலோ இந்தியாவுக்கு வெளியே செலவழித்திருந்தாலோ படிவம் 10பி, மற்றவர்களுக்கு 10பிபி. ரிட்டர்ன் தாமதமானால் படிவம் 10 சலுகையே போய்விடும், படிவத்தை நேரத்தில் போட்டிருந்தாலும். படிவம் தாமதமானால் ஆணையரிடம் மன்னிப்பு கேட்கலாம்: 365 நாள் வரை முதன்மை ஆணையர் அல்லது ஆணையர், அதற்கு மேல் தலைமை ஆணையர் நிலை, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்றாண்டுக்கு மேல் என்றால் விண்ணப்பமே எடுக்கமாட்டார்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2025-26 கணக்குக்கு 1961 சட்டமே பொருந்தும், மேலே உள்ள பிரிவு எண்களும் படிவ எண்களும் அதன்படிதான். புதிய சட்டத்தில் எண்கள் மாறுகின்றன. 85 சதவீதமும் ஐந்தாண்டும் மாறவில்லை.

இந்த மாதமே பார்க்க வேண்டிய ஒன்று: 2020-21-க்கு ஐந்தாண்டுப் படிவம் 10 போட்டிருந்தால் அதன் காலம் 2026 மார்ச் 31-இல் முடிந்தது. பழைய ரிட்டர்னின் சேமிப்பு அட்டவணையை எடுத்து, அந்த ஆண்டு எழுதிய தொகைக்கு எதிரே செலவழித்த வவுச்சர்களை வையுங்கள். செலவழியாத பகுதி 2025-26 வருமானத்தில் சேர்ந்து 30 சதவீத வரிக்கு வரும், நம் 8 லட்சக் கணக்கு அதற்கு மேல்தான் தொடங்கும்.